அப்பா பொத்திய மப்ளர்

மன்னார் வெயிலில் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்கள் தெரு முழுக்கச் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நான் பின்னினேன். அக்கா கலியாணம் கட்டக் கனடாவிலுள்ள மாப்பிள்ளையிடம் போகவிருந்தாள். அங்கே பனி கொட்டுமாம். வெறுங்கழுத்தோடு அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சண்டைக் காலம். மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நின்ற நாட்களில் கம்பளி நூலுக்கு எங்கே போவது? கோயிலுக்கு வந்த நிவாரண மூட்டைக்குள் தடித்த சிவப்புச் சுவெட்டர் ஒன்று கிடந்தது. எந்தப் புண்ணியவான் அதை எங்கள் ஊருக்கென்று அனுப்பினானோ, ஒருவரும் கைவைக்கவில்லை. நான் கேட்டு வாங்கி வந்து பிரித்தேன். பூச்சி அரித்ததை வெட்டி எறிந்தபின் கொஞ்ச நூல்தான் மிஞ்சியது.

கன்னியர் மடத்தில் தையல் படிப்பித்த சிஸ்டரிடம் அதைக் காட்டினேன். "இது காணாது பிள்ளை. தையலை விழுத்திப் பின்னு, நீளம் வரும்," என்றார். ஒரு வரிசையில் ஊசியில் நூலை இரண்டு சுற்றாகச் சுற்றிப் பின்ன வேண்டும். அடுத்த வரிசையில் மேலதிகச் சுற்றை நழுவ விட்டால் தையல்கள் நீண்டு, நடுவில் சாளரம் வைத்தாற்போல ஓர் இடைவெளி விழும். முதல் தடவை நழுவ விட்டபோது எல்லாம் பிரிந்து போகிறதென்று நெஞ்சு பதறியது. பிரியவில்லை. கொஞ்ச நூலில் மப்ளர் மளமளவென்று வளர்ந்தது.

வீட்டில்தான் ஒன்றும் நகரவில்லை. அப்பா கீரிக் கடற்கரையில் மீனுக்கு வலை போடுகிறவர். கலியாணத்துக்கு ஓம் சொன்ன மனிதர், டிக்கெட் வந்த நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அக்கா சோறு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். "அப்பா தன்ர வாயால போயிட்டு வா எண்டு சொல்லாட்டி நான் வெளிக்கிட மாட்டன்," என்றாள் அக்கா. அவள் சொன்னால் சொன்னதுதான். பயணத்துக்கு முதல் நாள்வரை பெட்டியில் ஒரு துணிகூட வைக்கவில்லை. பிடிவாதத்தில் அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தது.

அன்று காலையில் மப்ளரை அலசி, இடைவெளிகள் நன்றாக விரியட்டும் என்று இழுத்து, அப்பா வலை காயப்போடும் கம்பில் போட்டேன். பிறகு அக்காவும் நானும் பயணப் பாஸ் எடுக்கப் போனோம். ஆமிக்காரரின் சென்றியில் நின்று, பாஸ் கொடுக்கும் கந்தோரில் நின்று, பசியோடு திரும்பி வந்தால், வேப்பமரத்தடியில் அப்பா. மடியில் என் மப்ளர், கையில் கிழிந்த வலை பொத்தும் ஊசி.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"நண்டு வெட்டின வலை மாதிரியெல்லோ கிடந்தது. எல்லாம் பொத்திப்போட்டன்," என்றார், வெகு திருப்தியாக.

நான் விழுத்திய ஒவ்வொரு வரிசையையும் நீல நைலோன் நூலால், வலைக்குப் போடும் அதே முடிச்சுப் போட்டு, கண் கண்ணாக அடைத்திருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அது ஓட்டை இல்லையப்பா. அதுதான் டிசைன்."

"தெரிஞ்சுகொண்டு ஆரும் ஓட்டை வைப்பினமோ? குளிர் உள்ளுக்குப் போகாதோ? பிள்ளை போற இடத்தில ஆர் இருந்து பொத்திக் குடுக்கிறது?"

நான் கத்திரிக்கோலைத் தேடிப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா மப்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "இதைத் தொட்டியெண்டால் தெரியும்," என்றாள். வலை நூல் கிடைக்காத காலம் அது. இருந்த ஒரேயொரு புது நூல்கட்டையையும் அப்பா அதில்தான் முடித்திருந்தார். கிழவர்மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அன்று பின்னேரமே அக்கா பெட்டியை அடுக்கினாள். ஆனாலும் அவள் கேட்ட சொல் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் பஸ் நிலையத்துக்கு மூவரும் போனோம். அந்தப் புழுக்கத்திலும் அக்கா மப்ளரைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். பார்த்தவர்கள் காய்ச்சலா என்று கேட்டார்கள். பஸ் உறுமியது. கொண்டக்டர் ஏறச் சொன்னார். அவள் ஏறவில்லை. அப்பாவைப் பார்த்தபடி பெட்டியும் கையுமாக நின்றாள். பெட்டியைப் பிடுங்கி உள்ளே எறியலாமா என்றிருந்தது எனக்கு.

அப்பா கிட்ட வந்தார். மப்ளரின் இரண்டு நுனியையும் பிடித்து, முடிச்சுகள் இறுகியிருக்கின்றனவா என்று விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"குளிர் தாங்கேலாட்டி உடன வெளிக்கிட்டு வந்திடு, என்ன? ஒருத்தரையும் கேக்க வேண்டாம். போயிட்டு வா பிள்ளை."

எங்கள் வீட்டில் பொய் சொல்லத் தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

"ஓமப்பா, வந்திடுவன்," என்று அப்பாவின் முகத்தைப் பாராமல் சொல்லிவிட்டு ஏறினாள்.