மாஷியின் பையில் கிடைத்த வரைபடம்

பக்கத்து நாட்டில் ஆட்சி கவிழ்ந்த வாரம் அது. எல்லை தாண்டி யார் வருகிறார்கள், உள்ளே யார் சதி செய்கிறார்கள் என்று கொல்கத்தாவில் எங்களுக்கெல்லாம் ஒரே கவலை. எங்கள் ராணுவக் குடியிருப்பின் பாதுகாப்பு என் பொறுப்பு. என் கண்ணில் மண்ணைத் தூவ எவனும் பிறக்கவில்லை என்று மெஸ்ஸில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இன்றும் அப்படித்தான் சொல்வேன், அந்த ஒரு காகிதத்தைத் தவிர.

கேட்டில் சோதனை போட்டபோது, எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாஷியின் பையில் அது கிடைத்தது. வரிசை வரிசையாகப் புள்ளிகள். அவற்றைச் சுற்றி வளைந்து போகும் கோடு. ஓரத்தில் ஓர் அம்புக்குறி. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது: புள்ளிகள் காவலர் நிற்கும் இடங்கள், கோடு ரோந்துப் பாதை, அம்புக்குறி உள்ளே நுழையும் வழி. மாஷியின் அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதும் நினைவுக்கு வந்தது. வேறென்ன வேண்டும்?

"ஆல்பனா, சாஹேப். பூஜைக்குத் தரையில போடறது" என்றார் மாஷி.

"ஆல்பனான்னா பூவும் கொடியுமா இருக்கும். யாருக்குக் காது குத்தறீங்க? வரைஞ்சு குடுத்தது யாரு?"

அதற்கு மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. கேட் பாஸைப் பிடுங்கி அனுப்பிவிட்டேன். பாஸ் இல்லாவிட்டால் குடியிருப்பில் அவர் பார்க்கும் நாலு வீட்டு வேலையும் போச்சு.

மதியம் சாப்பிட வந்தவன், காகிதத்தைப் பெருமையாக மனைவியிடம் நீட்டினேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இது நான் போட்டுக் குடுத்த சிக்குக் கோலம். இன்னிக்கு வியாழக்கிழமை லட்சுமி பூஜைக்கு நம்ம கோலம் போடணும்னு மாஷிக்கு ஆசை. இருபது வருஷமா தாண்டித்தானே போறீங்க, ஒரு நாளாவது குனிஞ்சு பாத்தீங்களா?"

"உன் பேரைச் சொல்லியிருக்கலாமே."

"உங்க கோவம் அவங்களுக்குத் தெரியாதா? எனக்குத் திட்டு விழும்னு பேசாம இருந்திருப்பாங்க. நீங்களே போய் பாஸைக் குடுத்துட்டு வாங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. சாயங்காலம் காளிகாட்டில் சந்து சந்தாக விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அரிசிமாவுப் புள்ளிகள் மட்டும் இருந்தன, கோடு இல்லை.

"தப்பு என்னோடது, மாஷி" என்று பாஸை நீட்டினேன்.

வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பிறகு மாவுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "புள்ளி ஞாபகம் இருந்தது, சாஹேப். கோடு எந்தப் புள்ளியில ஆரம்பிக்கும்? உங்க ஊர்க் கோலம்தானே, சொல்லுங்க."

அவசரத்தில் காகிதத்தை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். அம்புக்குறி எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. படியில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டேன்.