காது கேளாத கருவி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். பால்கனிக் கதவில் நசுங்கியது என் விரல். உங்கள் விரல் அல்ல.

பேய் நள்ளிரவில்தான் வரும் என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது மதியம், நான் குட்டித் தூக்கம் போடும் நேரத்தில்.

மாமனார் இறந்த பிறகு மாமியார் எங்கள் நாலாவது மாடி வீட்டுக்கு வந்துவிட்டார். கூடவே மாமனாரின் பழைய ஆம்ப்ளிஃபயரும் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும் வந்தன. மச்சினன் சும்மா விடுவானா? 'சிஸ்டம் டிசைனர்' என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவன். ஆம்ப்ளிஃபயரை ஸ்மார்ட் பிளக்கில் செருகினான். நாம் சொல்வதைக் கேட்டு அதை இயக்க, உருண்டையாக ஒரு கருவியைப் பக்கத்தில் வைத்தான். பிறகு சொற்பொழிவைத் தொடங்கினான். எனக்கு இரண்டு தடவை கொட்டாவி வந்தது.

"வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் 'வந்துட்டேன்'னு சொல்லுவோம்ல அத்தான்? சொன்னா பாட்டு வரும். கிளம்பும்போது 'போயிட்டு வரேன்'னா நின்னுடும். எப்படி?"

"உங்கப்பா சுவிட்சைத் தட்டுவார். அதுக்கும் பாட்டு வந்துச்சு."

கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளிலிருந்து நானும் மனைவியும் தொண்டை கிழிய "வந்துட்டேன்" என்று கத்தினோம். கருவி கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. மச்சினனுக்கு ஃபோன் போட்டால், "உங்க உச்சரிப்பு சரியில்ல அத்தான்" என்றான். ஐம்பது வருஷமாக இதே வாயால்தான் தமிழ் பேசுகிறேன்!

அந்த வாரமே ஒரு மதியம்... டக். பிளக்கின் சத்தம். ஹால் முழுக்கப் பாட்டு.

எட்டிப் பார்த்தேன். மாமியார் மட்டும் சோபாவில் இருந்தார். ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு.

"நீங்க சொன்னீங்களா அத்தை?"

"நான் எங்க போனேன், வந்துட்டேன்னு சொல்ல?"

மறுநாளும் டக். அதற்கடுத்த நாளும்.

மாமியார் சாப்பாட்டைக் குறைத்தார். உடம்பு இளைத்தது, முகம் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி தெளிந்துகொண்டே வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"அம்மா இப்பதான் சிரிக்கிறாங்க. கெடுத்துடாதீங்க."

விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு மதியம், நான் உள்ளறையில் இருந்தேன். பாட்டு திடீரெனத் தணிந்தது. கருவி பேசியது.

"மன்னிக்கவும்... 'போயிட்டு வரோம்'... இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது."

புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

வரேன் இல்லை.

வரோம்.

ஓடினேன். சோபா காலி. வாசல் கதவு பூட்டியபடி இருந்தது.

பால்கனிக் கதவு... திறந்திருந்தது.

மாமியார் வெளியே போகும் புடவை கட்டியிருந்தார். தோளில் பை. கம்பியோரம் ஒரு ஸ்டூல். அதன் மேல் ஒரு கால்.

இடுப்பைப் பிடித்து இழுத்தேன். கதவு தானாக அறைந்தது. என் விரல்...

"விடுங்க மாப்பிள்ளை. அவர் காத்துட்டிருக்கார்."

விடவில்லை.

உள்ளே பாட்டின் சத்தம் ஏறியது... ஏறியது...

நின்றது.

சாயங்காலம் மச்சினன் வந்தான். உள்ளறையில் அவன் அக்கா அம்மாவின் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் கருவியைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தான். அடியிலிருந்த சின்னப் பொத்தானை உற்றுப் பார்த்தான்.

"என்னப்பா?"

"மைக் அணைஞ்சிருக்கு அத்தான்."

"இப்பவா?"

"முதல் நாளே. நான் விளக்கிட்டிருக்கும்போது குறுக்க குறுக்கப் பேசிச்சு. அணைச்சேன்... திரும்பப் போட மறந்துட்டேன்."

"அதனால?"

"நீங்க கத்தினது எதுவுமே இதுக்குக் கேட்டிருக்காது. இதுக்கு வெளியே யார் பேசினாலும் கேட்காது."

வெளியே யார் பேசினாலும், என்றான்.

கருவிக்கு உள்ளேயே யாராவது பேசினால்?

அவன் கருவியை மேஜைமேல் மெல்ல வைத்தான். இரண்டு பேரும் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டோம்.