மெட்ராசில் பத்து மணி நேரம்

பிரிஜெட் மலேசியாவில் பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். 1974-இல் தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்து போனவள், ஏழு ஆண்டு கழித்து முதல் தடவையாக வீடு திரும்ப டிக்கெட் விசாரித்தாள். நேராகக் கோலாலம்பூர் போகும் விமானம் கட்டுப்படியாகவில்லை. பம்பாயிலும் மெட்ராசிலும் மாறினால் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் மெட்ராசில் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பத்து மணி நேரத்தில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அப்பா ஏசுதாசன் குடியுரிமை கிடைக்காமல், வேலை பெர்மிட்டும் மறுக்கப்பட்டு 1970-இல் இந்தியாவுக்குக் கப்பலேறியவர். அவர் காய்ச்சலில் இறந்துவிட்டதாக இரண்டு வருடம் கழித்துப் பல்லாவரத்திலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். அந்த முகவரியில் விசாரித்து, கல்லறையையாவது பார்த்துவிட நினைத்தாள்.

விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம்தான். ஓட்டு வீடு. தட்டினாள்.

உள்ளே ஒரு பெண்குரல், "பிரிஜெட், யாருன்னு பாரு" என்றது.

தன் பெயர் கேட்டு அவள் திகைத்து நிற்க, எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால், பாதி சவரம் செய்த முகத்தோடு அப்பா நின்றார்.

பிரிஜெட் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா அனுப்பிச்சாளா?" என்றார் அவர்.

"அம்மா ஒம்பது வருசமா தாலியில்லாம இருக்காங்கப்பா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் திரும்பி வர வழியில்ல. அவ காத்துக் கெடக்கக் கூடாதுன்னு நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்."

கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே திரும்பினாள். விமானத்தில் இடுப்புப் பட்டையை மாட்டாமலே உட்கார்ந்திருந்தாள். பணிப்பெண் வந்து மாட்டிவிட்டாள். வீட்டில் அம்மா ரோசம்மாவிடம் மூன்று முறை சொல்ல வாயெடுத்தாள். மூன்று முறையும் பேச்சை மாற்றினாள்.

அடுத்தடுத்த பயணங்களிலும் மெட்ராசில் மாறும் டிக்கெட்டையே வாங்கினாள். அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை, சிறுமியின் காலளவுக்குச் சப்பாத்து கொண்டுபோனாள்.

"நேரா வர்ற பிளேன்ல வந்தா என்னா லா? ரெண்டு நாளா அலையிற" என்பார் அம்மா.

"அது மஹால்மா, வெல கூட. இதுதான் வெல கம்மி."

1988-இல் ரோசம்மா இறந்தார். அடக்கம் முடிந்து லண்டன் திரும்பும் வழியில் பிரிஜெட் பல்லாவரம் போய்ச் சொன்னாள். ஏசுதாசன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னப் பத்தி அவகிட்ட சொன்னியா?" என்றார்.

"இல்லப்பா."