நான்கு விலைகள்

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவின் கிள்ளானில் ரப்பர் மர நாற்காலிகளை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கடிதங்கள் எழுதும் கிராணியாக இருந்தேன். நாங்கள் எழுதும் மின்னஞ்சல்கள் மூலையில் இருந்த ஒரு கணினியில் சேரும். அது மணிக்கொரு முறை மோடம் மூலம், கீச்சென்று கத்தியபடி, தானே டயல் செய்து, இருப்பதை அனுப்பிவிட்டு வந்ததை வாங்கிக்கொள்ளும்.

வாங்கிய நாளிலிருந்து அதை அணைத்ததே இல்லை. அந்த ஆயுத பூஜைக்கு முதலாளி அணைக்கச் சொன்னார்.

“அதுவும் உழைக்கிற சாமான்தானே கிராணியாரே. ஒரு நாளு ரெஸ்ட் கொடுங்க லா.”

சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மறுநாள் காலை பூஜை முடிந்ததும் சுவிட்சைப் போட்டு, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகர வியாபாரிக்கு நாற்காலியின் விலையை எழுதி அனுப்பினேன். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஜெஞ்சாரோமில் இருந்த எங்கள் தொழிற்சாலையில் தீபாவளி வரை வேலை இல்லை. மாலைக்குள் முடிவு சொல்வதாக அவர் சொல்லியிருந்தார்.

பத்து மணிக்குப் பார்த்தேன், பதில் இல்லை. பத்தேகாலுக்கும் இல்லை. எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன்.

“வெல ஒத்துவரல, அதான் பேசாம இருக்கான்,” என்றார் முதலாளி. “அம்பது காசு கொறச்சு எழுதுங்க.”

“போன் போட்டுக் கேட்டுடலாமே?”

“போன் போட்டா நாம தவிக்கிறது தெரிஞ்சிடும்.”

குறைத்து எழுதினேன். மதியம் இன்னொரு ஐம்பது. மூன்று மணிக்கு மேலும் ஐம்பது.

கீழே லோரிகள் கிளம்பிப் போய்ச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் உறைத்தது. காலையிலிருந்து மோடம் ஒருமுறைகூடக் கத்தவில்லை. கணினியை விற்ற பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போன் செய்தேன். அங்கே பழுது பார்க்கும் பெண்மணி பேசினார்.

“ஆப் பண்ணீங்களா அங்கிள்? தேதி என்ன காட்டுது?”

பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி.

“உள்ள பேட்டரி செத்துப்போச்சு, ஆப் பண்ணதும் தேதி பின்னால போயிடுச்சு. அடுத்து எப்ப டயல் பண்ணணும்னு அதுக்குக் குறிச்சு வெச்சிருக்கு. அந்த நேரம் வர இன்னும் பதினெட்டு வருஷம் இருக்குன்னு சும்மா ஒக்காந்திருக்கு. தேதிய மாத்தி எண்டர் தட்டுங்க.”

தட்டினேன். மோடம் உடனே கத்தியது. வரிசையில் நின்ற கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறையத் தொடங்கியபோதுதான் அவை என்னென்ன என்று நினைவு வந்தது. தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கக் குனிந்தேன். அதற்குள் திரை காலி.

“எந்த வெல போச்சு?” முதலாளி பின்னால் நின்றார்.

“நாலும் போயிடுச்சு மொதலாளி.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த முறை மோடம் கத்தியபோது பெர்த்திலிருந்து பதில் வந்தது. நான்காவது விலைக்குச் சம்மதம், ஐந்தாவது வருவதாக இருந்தால் காத்திருக்கவும் தயார் என்று வியாபாரி எழுதியிருந்தார்.

முதலாளி அதை இரண்டு முறை படித்தார்.

“நாலாவதுதான் கடைசின்னு எழுதுங்க,” என்றார். “எழுதிட்டு, போச்சான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

அது போய்ச் சேரும்வரை மோடத்தின் பக்கத்திலேயே நின்றேன்.