இடுப்புப் பட்டிக்குள் என் சட்டை

என் மனைவியை எல்லோரும் டெய்லரக்கா என்பார்கள். "என் கை தப்பே பண்ணாது" என்பது இருபத்தாறு வருடமாக அவள் சொல்லிவரும் வசனம். துணி இறுக்கினால் உடம்பு பெருத்துவிட்டது என்பாள். தொளதொளத்தால், "ஒழுங்கா சாப்பிடறதே இல்லையா?" என்று அக்கறையாகக் கேட்பாள். பழி மட்டும் அவள் கத்தரிக்கோல் மேல் விழவே விழாது. எங்கள் தெரு மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண் ஒரு கறுப்பு ஸ்கர்ட் தைத்து வாங்கிப் போனாள். அடுத்த வாரம் வந்து, "அக்கா, உங்க கை தப்பே பண்ணாதுக்கா!" என்று சிரித்தாள். அதன் பிறகு இரண்டு நாள் வீட்டில் இவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

சில மாதங்களில் அந்தப் பெண் காணாமல் போனாள்.

வாடகைக் கார் ஓட்டிய ஒருவன் தன் காரில் ஏறிய பெண்களைக் கொன்றிருந்தான். மூன்று பேரின் உடல்கள் கிடைத்தன. மருந்துக்கடைப் பெண்ணும் அதே காரில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. இறங்கியதைப் பார்த்தவர் இல்லை. அவன் பெட்டியில் ஒளித்து வைத்திருந்த துணிகளில் மூன்று, செத்தவர்களுடையவை என்று நிரூபணமானது. நான்காவது, ஒரு கறுப்பு ஸ்கர்ட். அது தன் தங்கைக்குக் கடையில் வாங்கியது என்று அந்தப் படுபாவி கூசாமல் சாதித்தான். அது மருந்துக்கடைப் பெண்ணுடையது என்று உறுதியானால்தான் நான்காவது கொலை நிற்கும். மகள் யாருடனோ ஓடிப்போய்விட்டாள் என்று பேசிய வாய்களை அடைக்க அவள் அம்மாவுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார்.

டெய்லரக்கா சாட்சிக் கூண்டில் ஏறினாள். அவன் தரப்பு வக்கீல் ஸ்கர்ட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது நீங்க தைச்சதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"என் தையல் எனக்குத் தெரியாதா?"

"கறுப்புத் துணி, கறுப்பு நூல், ஒரு கொக்கி. ஆயிரம் டெய்லர் தைப்பாங்க. உங்க பேர் எழுதியிருக்கா?"

"பேர் எழுத இது என்ன நோட்டுப் புத்தகமா?"

கோர்ட்டே சிரித்தது. வக்கீலும் சிரித்துவிட்டு, "அப்போ அடையாளம் ஒண்ணும் இல்லை?" என்றார்.

என் மனைவி வாயை மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்திராத காட்சி அது. முதல் பெஞ்சில் அந்த அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவள் ஜட்ஜம்மா பக்கம் திரும்பினாள்.

"இருக்கும்மா. இடுப்புப் பட்டியப் பிரிச்சுப் பாருங்க. கொக்கி கிட்ட, உள்ளுக்குள்ள நீலக் கட்டம் போட்ட துணி இருக்கும்."

"அது எப்படி அங்க வந்துச்சு?" என்று கேட்டார் ஜட்ஜம்மா.

"தப்பா வெட்டிட்டேன். பட்டி ரெண்டு விரல் கொறைஞ்சு போச்சு. ஒட்டுப் போட்டு, பலத்துக்கு எங்க வீட்டுக்காரர் சட்டையிலேருந்து ஒரு துண்டு வெட்டி உள்ள வச்சேன். அந்தப் பொண்ணுகிட்ட சொல்லலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொடியில் காய்ந்த சட்டை காற்றில் பறந்துவிட்டது என்று அவள் சொன்னதை நம்பி, அக்கம்பக்கத்து மாடியெல்லாம் ஏறித் தேடியவன் நான்!

வக்கீல் துள்ளினார். "இதைப் போலீஸ்கிட்ட ஏன் சொல்லலை?"

"வெக்கமா இருந்துச்சு. தப்பே பண்ணமாட்டேன்னு பீத்திக்கிட்டுத் திரியறவ எப்படிச் சொல்லுவேன்? மீதிச் சட்டை மெஷின் டிராயர்ல கிடக்கு. ஆள் விட்டு எடுத்துக்கங்க."

ஜட்ஜம்மா பட்டியைப் பிரிக்கச் சொன்னார். கோர்ட் ஊழியர் கத்தரியை நீட்டியதும் கூண்டிலிருந்து இவள், "குத்தாதீங்க! நூலை மட்டும் அறுங்க!" என்று அதட்டினாள். பிறகு எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். "ஓரத்துல கோணலா நாலு கைத்தையல் இருக்கே, அது என்னுது இல்லை."

"பாத்தீங்களா!" என்றார் வக்கீல். ஜட்ஜம்மா அதையும் குறித்துக்கொண்டு அவரை உட்காரச் சொன்னார். நூல் அறுந்தது. உள்ளே என் சட்டையின் நீலக் கட்டம் இருந்தது. பரிசோதனையில் டிராயரில் கிடந்த மீதிச் சட்டையோடு வெட்டு விளிம்பு அப்படியே பொருந்தியது.

நான்கு கொலைகளும் நிரூபணம் என்று தீர்ப்பு வந்தது. சாகும்வரை சிறை. அதில் என் ஆத்திரம் அடங்கிவிடவில்லை. ஆனாலும் நான்காவதாக அந்தப் பெண்ணின் பெயரை வாசித்தபோது நிம்மதியாக இருந்தது.

மறுவாரம் அந்த அம்மா நன்றி சொல்லத் தையல் கடைக்கு வந்தார். இவள் அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே கேட்டாள்: "உங்க பொண்ணு ஊசி பிடிப்பாளாம்மா?"

"பட்டன் அறுந்தா தைப்பா. கோணல் கோணலாத்தான் வரும். ஏன்?"

இவள் மெஷின் முன்னால் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

"பிரிச்சுப் பாத்திருக்கா. ஒட்டைப் பாத்துட்டு, தானே மூடித் தைச்சிருக்கா. அப்புறமும் இங்க வந்து, உங்க கை தப்பே பண்ணாதுக்கான்னு சொல்லிட்டுப் போனாம்மா." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அந்த அம்மா இவள் தோளில் கை வைத்தார்.

"அவ அப்படித்தான்" என்றார். அத்தனை வாய்தாவிலும் ஒரு தடவைகூடச் சிரிக்காதவர், அப்போது சிரித்தார்.