பளீலாவின் விநாகிரிப் பரல்

தில்லையடியில் பளீலாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம்; அவளுடைய விநாகிரிப் புளிக்காடியைத் தெரியாத அடுப்படி கிடையாது. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. கணவர் மவுத்தான பிறகு அவளுக்குச் சோறு போட்டது தேங்காய்த் தண்ணீர்தான். தேங்காய்த் துருவல் ஆலையில் வீணாகக் கொட்டுகிற தண்ணீரைக் காலையில் கேனில் சுமந்து வருவாள். வடிகட்டி, பழைய விநாகிரியைத் தாராளமாகக் கலந்து, பீப்பாய் மாதிரியான பிளாஸ்டிக் பரலின் வாயில் மெல்லிய துணி கட்டி வைப்பாள். முதல் நாளே புளிப்பைக் கலந்துவிட்டால் அது போதைப் பக்கம் போகாது என்பது அவள் கண்ட முறை. ஆனால் மூன்று மாதம் பிடிக்கும்.

இந்தத் தடவை மூன்று மாதத்துக்கு அவளிடம் தெம்பில்லை. முழங்கால் மடங்க மறுத்தது. கற்பிட்டி அச்சாறுக் கடைக்காரரோ நச்சரித்தார். சுயதொழில் வகுப்பில் படிப்பித்த சேர் ஒருவர் குறுக்கு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்: இறுக்கி மூடிய பரல், ஒரு முழம் பிளாஸ்டிக் குழாய், அதன் முனை முங்கத் தண்ணீர்ப் போத்தல், சீனி, ஒரு பக்கட் ஈஸ்ட். பத்து நாள் காற்றுப் படாமல் வைத்து, பிறகு திறந்து புளிக்க விட வேண்டும். அந்தப் பத்து நாளும் அதற்கு என்ன பெயர் என்று சேர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை.

ஏழாம் நாள் மணம் ஒழுங்கை முழுக்கப் பரவியது. அஸர் தொழுத கையோடு பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் மீரா முகைதீன் ஹாஜியார் இரண்டு பேருடன் வாசலில் வந்து நின்றார்.

"என்ன புள்ள இது, கள்ளுத் தவறணை மாதிரி மணக்குது?"

"விநாகிரிதான் ஹாஜியார்."

நக்கிப் பார்த்தால் தீர்ந்தது கதை. ஆனால் அது விநாகிரி இல்லையென்றால் நக்கியவருக்கு ஹராமாயிற்றே! மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில், சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு வந்த பெனடிக்கைப் பிடித்தார்கள். வேதக்காரர், கிறிஸ்தவர்; அவருக்குத் தடையில்லை.

கள்ளு என்று முடிவானால் அவள் பெயர் நாறிப்போகும். இனி ஒரு குருவியும் அவளிடம் போத்தல் வாங்காது. யா அல்லாஹ், இந்த மனுசன் முகத்தைச் சுளிக்கட்டும் என்று மன்றாடினாள் பளீலா.

மூடியைச் சற்றே நீக்கிக் கோப்பையில் மொண்டு கொடுத்தாள். பெனடிக் ஒரு மிடறு குடித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு மிடறு. பிறகு கண்ணை இறுக்கிக்கொண்டு துப்பினார்.

"அம்மாடியோ, புளி! பல்லுக் கூசுது. நல்ல விநாகிரி ஹாஜியார்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மூவரும் திரும்பி நடந்தார்கள். பெனடிக் கோப்பையை நீட்டியபடி மெல்லச் சொன்னார். "தங்கச்சி, அருமையா வந்திருக்கு. நத்தார்ப் பெருநாளுக்கு ரெண்டு போத்தல் எனக்கு."

தப்பியாயிற்று. மூன்று நாளில் மூடியைத் திறந்தால் போதும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஹாஜியார் வீட்டு அச்சாறுக்கும் அவளுடைய விநாகிரிதான்; கள்ளாக்கிப் புளிக்க வைத்ததென்று அறியாமலே தின்பார்கள். பளீலா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஹாஜியார், நில்லுங்க! அவர் எனக்காகப் பொய் சொல்றார்."

மீரா முகைதீன் ஏசத் தயாராகத் திரும்பினார்.

"இது கள்ளாகுமெண்டு மொத நாளே எனக்குத் தெரியும் ஹாஜியார். மூணு மாசம் பாத்துக்கிட்டு இருக்க ஏலாமப் போச்சு. நான் களைச்சுப் போனன்."

கள்ளைக் கொட்டிவிடப் பளீலா குனிந்து பரலைச் சரிக்கப் பார்த்தாள், அது அசையவில்லை. தொடக்கூடாதென்று மூன்று பேரும் விலகி நின்றார்கள். பெனடிக்தான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து மறுபக்கம் பிடித்தார்.