வலங்கைமானில் ஒரு முகமூடி

பரணில் கிடந்த எங்கள் கல்யாணக் கேசட்டைத் தஞ்சாவூர் ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்து கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றி வாங்கினேன். பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும், ஃபைலின் பெயரை வைத்து இணையத்தில் போஸ்டர் தேடி ஒட்டிப் படம் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றும் போட்டு டிவியோடு இணைத்துவிட்டால் சாய்ந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். சனியன், லேசில் மசியவில்லை. படம் வந்தால் சத்தம் வராது. சத்தம் வந்தால் ரிமோட் வேலை செய்யாது. இணையத்தில் எவனோ எழுதிவைத்த கட்டளைகளை நம்பி அடித்ததில் திரையே கறுத்துப்போனது.

ஒருவழியாக எல்லாம் கூடிவந்தபோது, எங்கள் கல்யாணத்தின் முகப்பில் முகமூடி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கல்யாணம் நடந்தது என் மனைவியின் ஊரான வலங்கைமானில். ஃபைலுக்கு அந்தப் பெயரையே ஆங்கில எழுத்தில் வைத்திருந்தேன். கடைசியிலிருந்த 'மானை' 'மேன்' என்று படித்த மென்பொருள், ஏதோ ஹாலிவுட் படம் என்று முடிவுகட்டி போஸ்டரை இறக்கியிருந்தது.

"ஏங்க, மாப்பிள்ளை நீங்கதானே?" என்றாள் மனைவி.

எரிச்சலில் பெயரைத் தமிழ் எழுத்தில் மாற்றினேன். மென்பொருளுக்கு ஒன்றும் புரியவில்லை. போஸ்டர் கிடைக்காமல், கேசட்டிலிருந்தே ஒரு காட்சியைப் பிடித்து முகப்பில் வைத்தது. அறுவடை முடிந்த வயலில் போட்ட பந்தல். பந்தியில் சாம்பார் வாளியோடு என் மாமனார், யாருடைய இலைக்கோ குனிந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிற முகம். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன.

சத்தம் மறுபடியும் நின்றிருந்தது. கீபோர்டை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க. இனிமே எதையும் சரி பண்ணிடாதீங்க."